25 இலைகள்

நித்தியகல்யாணிக்கு நம் ஊரில் இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில்கூட வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பெயருமே அதற்குப் பொருந்தத்தான் செய்கிறது.

என் மொட்டைமாடியில் நாலு தொட்டி இருக்கிறது. நல்ல வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். கிளை ஒல்லியாக நீண்டால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், பக்கக்கிளை விட்டு அடர்த்தியாகும். கிள்ளிய இடத்தில் பால் வடியும். ஆடு மாடு இதில் வாய் வைக்காததற்குக் காரணம் இதன் கசப்பு. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஆல்கலாய்டுகள் அவை. இந்த வரலாறே அந்தக் கசப்பைப் பற்றியதுதான்.

செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர். அழகுச்செடியாகக் கப்பலேறி வெப்பநாடுகள் முழுக்கப் பரவியது. 1759இல் லின்னேயஸ் இதற்கு விங்கா ரோசியா என்று பெயர் வைத்தார். இன்றைய பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். போன இடமெல்லாம் மக்கள் இதை மருந்தாக்கினார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையில் தேநீர் போட்டுக் குடித்தார்கள்.

1952இல் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்று வந்து செத்தன.

எங்கள் தொழிலில் இந்த இடத்தில் டெஸ்ட் ஃபெயில் என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். நோபிள் லாக்கை முழுசாகப் படித்தார். எலிகளின் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அப்படியானால் வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் இது என்ன செய்யும்? வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின். 1958இல் அதை அறிவித்தார்கள். அதே சமயம் எலி லில்லி கம்பெனியும் இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரிவதையே இவை தடுக்கின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் கூட்டு மருந்துகளில் வின்கிறிஸ்டினுக்கு இன்றும் இடம் உண்டு. வீட்டில் கஷாயம் வைக்கிற சமாச்சாரம் இல்லை இது. அளவு தப்பினால் விஷம்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்பட்டது. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் மருந்துத் தேவைக்காக இதைப் பயிர் செய்தார்கள். விவசாயிக்கு இலைக்கும் வேருக்கும் கிலோ கணக்கில்தான் விலை. காப்புரிமை ஆய்வகங்களுக்கும் கம்பெனிக்கும் போனது. மடகாஸ்கருக்கு மருந்தின் லாபத்தில் பங்கு எதுவும் வரவில்லை. நோபிள், பீர் பெயர்கள் மருத்துவ வரலாற்றில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த உறை கிளம்பக் காரணம் ஜமைக்காவின் ஏதோ ஓர் அடுப்பில் கொதித்த தேநீர். அதை முதலில் காய்ச்சியவருக்குப் பெயர் இல்லை.