எட்டு லீட்டர் குக்கரும் லயத்து அடுப்பும்

போன மாதம் எங்க வீட்டுல ஒரு சின்ன சண்டை. கொழும்புல வேலை செய்யிற அண்ணன் தீபாவளிக்கு எட்டு லீட்டர் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கித் தாறேன்னு சொன்னான். அம்மா வேணாம்னு சொன்னாங்க. தங்கச்சி ஆறு லீட்டர் போதும்னா. அப்பா மட்டும், "மொதல்ல பிளக் தாங்குமான்னு பாருங்க" என்றார். அப்பா கேட்டதுதான் சரியான கேள்வின்னு எனக்குப் பிறகுதான் விளங்கிச்சு. இந்தச் சட்டியை வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கப் போய், வட்டகொடையில நம்ம ஆட்கள் இத்தனை காலமும் எதை வச்சு, எதைச் சமைச்சாங்கன்னு தேட வேண்டியதாப் போச்சு. கடைக்காரர் சொல்லாத விஷயம் அதுல நிறைய இருக்கு.

முதல்ல மலை. வட்டகொடை ஸ்டேஷன் கடல் மட்டத்துல இருந்து 1300 மீட்டருக்கு மேல இருக்கு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா தண்ணி சீக்கிரமாவே கொதிச்சிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை என்று கணக்கு வைக்கலாம். அப்போ கொழும்புல 100 பாகையில கொதிக்கிற தண்ணி நம்ம ஊர்ல 95, 96 பாகையிலேயே கொதிக்கும். நுவரெலியாவுல இன்னும் கொஞ்சம் குறைவு. கொதிக்கிற தண்ணிக்கு எவ்வளவு நெருப்பு வச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது, ஆவியாத்தான் போகும். கடலையும் கௌபியும் கொழும்புச் சொந்தக்காரங்க வீட்டுல வேகுற நேரத்துல இங்க வேகாததுக்கு அதுதான் காரணம். "இந்தத் தண்ணிக்குப் பருப்பு வேகாது" என்று அம்மாயி சொல்லுவாங்க. தண்ணி மேல பாவம் பழி.

இதே பழியைச் சட்டி மேல போட்ட ஒரு கதையும் இருக்கு. 1835 மார்ச்சில சார்ல்ஸ் டார்வின் தென்னமெரிக்காவுல அந்தீஸ் மலையைக் கடந்து போனார். இராத்திரி முழுக்க நெருப்புல இருந்த உருளைக்கிழங்கு காலையிலயும் வேகல. கூட வந்தவங்க, சட்டி புதுசு, அது சபிக்கப்பட்ட சட்டி, அதான் வேகலைன்னு முடிவு கட்டிட்டாங்களாம். டார்வின் தன் பயண நூல்ல இதைச் சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கார்.

அந்தச் சிக்கலுக்கான மருந்து டார்வினுக்கு 150 வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. தெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டன் ரோயல் சொசைட்டியில ஒரு தடிச்ச இரும்புப் பாத்திரத்தைக் காட்டினார். மூடியை இறுக்கித் திருகி, ஆவியை உள்ளேயே அடைச்சு வச்சா, தண்ணி 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காம சூடேறும். பாத்திரம் வெடிக்காம இருக்க அதுல ஒரு பாதுகாப்பு வால்வும் வச்சார். அவர் சமைக்க நினைச்சது இறைச்சி கூட இல்ல, எலும்பு. வீசியெறியிற எலும்பை மெதுவாக்கி ஏழைகளுக்குச் சாப்பாடாக்கலாம்னு நம்பினார். அவர் போட்ட புத்தகத்தோட தலைப்பிலேயே எலும்பை மெதுவாக்கும் இயந்திரம்னுதான் இருக்கும். ஆனா அது ஏழைகள் வீட்டுக்கு வர ரொம்பக் காலம் ஆச்சு. இந்தியாவுல பிரெஸ்டீஜும் ஹோக்கின்ஸும் பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கினது 1959இல்.

அந்த 1959இல் நம்ம லயத்துல என்ன அடுப்பு? மூணு கல்லு, இல்லாட்டி மண் பூசின அடுப்பு. காம்பரா ஒன்னு, முன்னால இஸ்தோப்பு, அதுல ஒரு மூலை சமையலுக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில ஏழெட்டுப் பேர். புகை போக வழியில்லாம கூரைத் தகரமே கறுத்துக் கிடக்கும். விறகு, கவ்வாத்து முடிஞ்ச மலையில இருந்து வர்ற மிலாறு. நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சிட்டு, அந்தி நேரத்துல தலையில மிலாறுக் கட்டோட இறங்கி வர்ற பொம்பளைங்களை நீங்க இன்னைக்கும் பார்க்கலாம். தேயிலை மிலாறு நல்லா எரியும், ஆனா சீக்கிரம் தீர்ந்திடும். அதனால நீண்ட நேரம் வேக வைக்கிற எதுவும் லயத்துல விலை கூடின சாப்பாடுதான். விலை காசுல இல்ல, தலைச்சுமையில.

அடுப்புல என்ன வெந்துச்சு என்கிறது தோட்டத்து நிர்வாகமும் அரசாங்கமும் முடிவு செய்த விஷயம். கோப்பிக் காலத்துல இருந்தே சம்பளத்துல ஒரு பகுதி அரிசிதான். தோட்டத்துலயே அரிசி கொடுத்து, அதைச் சம்பளத்துல கழிச்சுக்குவாங்க. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூட, அரிசியை இன்ன விலைக்குக் கொடுக்கணும்னு சம்பளத்தோட சேர்த்துத்தான் பேசுச்சு. அரிசி பெரும்பாலும் பர்மாவுல இருந்து வந்தது. 1942இல் யப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அது நின்னு போச்சு. கூப்பன் வந்தது, அரிசி குறைஞ்சது, அந்த இடத்துக்குக் கோதுமை மா வந்தது. நம்ம அடையாளம்னு இன்னைக்கு நாம பெருமையாச் சொல்லுற ரொட்டியும் சம்பலும் இப்படி யுத்தகால அரிசித் தட்டுப்பாட்டுல வேர் விட்டதுதான். ரொட்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கை மிலாறு எரிஞ்சு முடியிறதுக்குள்ள ரொட்டி வெந்திடும். காலையில பிரட்டுக்குப் போற அவசரத்துல துணியில சுத்தி எடுத்துக்கிட்டும் போகலாம்.

பிறகு 1973, 74. அந்தப் பஞ்சத்தைப் பத்தி எங்க அம்மாயிகிட்ட கேட்டா பேச்சு வேற பக்கம் போயிடும். மாவும் இல்ல, அரிசியும் இல்ல, தோட்டத்துல வேலை நாளும் இல்ல. தோட்டங்கள்ல பட்டினிச் சாவு நடந்த காலம் அது. அதே வருஷங்கள்லதான் காணிச் சீர்திருத்தமும் நடந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போச்சு. அந்த நாட்கள்ல சின்னப்பிள்ளையா இருந்தவங்க, பானையில மிச்சம் வைக்க மாட்டாங்க. எட்டு லீட்டர்னு கேட்டதும் அம்மா வேணாம்னதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு நான் நினைக்கிறேன். "நாலு பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய சட்டி? பெரிசா இருந்தா பெரிசா ஆக்கத் தோணும்" என்றாங்க.

இனி கரண்ட். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்குங்க. இந்த நாட்டுல நீரில இருந்து மின்சாரம் எடுக்கலாம்னு பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்குச்சு. காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கொத்மலைன்னு நீர்த்தேக்கங்கள் வந்தது எல்லாம் இந்த மலையிலயும் அடிவாரத்துலயும்தான். ஸ்டோரும் துரை பங்களாவும் வெளிச்சமா இருந்த காலத்துல, பக்கத்து லயத்துல குப்பி லாம்பு. எண்பதுகளோட கடைசியிலயும் தொண்ணூறுகள்லயும்தான் பெருவாரியான லயங்களுக்குக் கரண்ட் வந்தது. நம்ம பக்கத்துத் தலவாக்கலையில 2012இல் திறந்த மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட். அதுக்காக நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாறுச்சு.

லயத்துக்கு வந்த கரண்ட் பல்புக்காக வந்த கரண்ட். பிறகு ரேடியோ, டீவி. சமைக்கிறதுக்குன்னு யாரும் வயர் இழுக்கல. அப்பா கேட்ட கேள்வி இங்கதான் வருது. எட்டு லீட்டர் குக்கர் பொதுவா 1200 வாட். அதை 230 வோல்ட்டால வகுத்தா 5.2 ஆம்பியர். பழைய லயத்துச் சுவர்ல இருக்கிற வட்ட முள் சின்ன பிளக் 5 ஆம்பியர்தான் தாங்கும். அதுல மல்டி பிளக் போட்டு, கேத்தலும் குக்கரும் ஒரே நேரத்துல ஓடினா வயர் சூடாகும். லயத்துத் தீ ஒரு வீட்டோட நிக்காது. ஒரே கூரை, ஒரே மரச்சட்டம். எங்க வரிசையில ஒருமுறை வயர் கருகின வாசம் அடிச்சு, எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடினது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆகவே குக்கருக்கு முன்னால, மெயின் போர்ட்ல இருந்து தடிச்ச வயர் இழுத்து ஒரு 13 ஆம்பியர் பிளக். செலவுக் கணக்குல அதையும் சேர்க்கணும்.

மின்சாரச் சட்டியோட கதையும் சும்மா இல்ல. முதல்ல வந்தது ரைஸ் குக்கர், 1955இல் யப்பான்ல தொஷிபா விற்பனைக்கு விட்டது. அதைச் செய்து கொடுத்த மினாமி என்பவரோட மனைவி ஃபுமிகோ, வீட்டுல திரும்பத் திரும்பச் சோறு ஆக்கிப் பார்த்துத்தான் அந்த முறை சரிவந்தது. வெளிப்பாத்திரத்துத் தண்ணி வத்தினதும் சூடு 100ஐத் தாண்டும், உடனே சுவிட்ச் தானா நிக்கும். கண்டுபிடிப்பாளர்னு ஆம்பிளையோட பேர்தான் ரொம்பக் காலம் முன்னால நின்னது. எலக்ட்ரிக் பிரஷர் குக்கருக்குச் சீனாவுல 1991இல் காப்புரிமை கேட்டாங்க. 2010இல் கனடாவுல இருந்து வந்த இன்ஸ்டன்ட் பொட் அதை உலகம் முழுக்கக் கொண்டு போச்சு.

நமக்கு அது பெரிசாத் தேவைப்பட்டது 2022இல். அந்த வருஷம் ஏப்ரல்ல 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4860 ரூபா ஆச்சு, அதுவும் வரிசையில நின்னா. ஓகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாவுல இருந்து 340க்குப் போச்சு. கேஸ் வாங்கின வீடெல்லாம் மறுபடி மிலாறுக்குத் திரும்புச்சு. சரி கரண்ட்ல சமைக்கலாம்னா, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டு. பிறகு கட்டணமும் ஏறுச்சு. ஒரே அடுப்பை நம்பக் கூடாதுன்னு அந்த வருஷம் வீட்டுக்கு வீடு படிச்ச பாடம். அதனால மின்சாரக் குக்கர் வாங்கினாலும் மண் அடுப்பை இடிக்காதீங்க.

இப்போ அளவு. எட்டு லீட்டர்னா எட்டு லீட்டர் சமைக்க முடியாது. மூணுல ரெண்டு பங்கு வரைக்கும்தான் நிரப்பலாம், பருப்பு, கடலை, கௌபி மாதிரி நுரைச்சுப் பொங்குறதுக்குப் பாதிதான். அப்போ கடலைக்கு நாலு லீட்டர். எட்டு, பத்துப் பேருக்குத் தாராளமா வரும். அடி அகலமா இருக்கிறதால கொஞ்சமாச் சமைச்சா அது ஒழுங்கா வராது, ஆவி எழுப்பவே தண்ணி கூட ஊத்தணும். நாலு பேர் வீட்டுக்கு ஆறு லீட்டரே கூட. கோயில் திருவிழா, கருமாதி, ஊர்ச் சொந்தம் கூடுற நாளைக்குன்னு எட்டு வாங்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அந்த நாளைக்கு லயமே சேர்ந்து அண்டா வைக்கும், எட்டு லீட்டர் அங்க மூலைக்கும் பத்தாது.

கரண்ட் பில்லையும் பார்க்கணும். ஒரு தடவை நிறையச் சமைச்சா அரை அலகுக்குக் கிட்ட வரும். தினம் ஒருமுறைன்னா மாதம் 10 முதல் 15 அலகு. 50 அலகுல இருக்கிற வீடு 60ஐத் தாண்டிடும். 60ஐத் தாண்டினா கூடுன அலகுக்கு மட்டுமில்ல, முதல் அலகுல இருந்தே விலை மாறும். நாள் சம்பளம் 2024இல் 1350 ஆச்சு. அண்ணன் பார்த்த குக்கர் 24,000 ரூபா, அந்த 2024 சம்பளக் கணக்குல கிட்டத்தட்ட 18 நாள் கொழுந்து.

அப்படின்னா வாங்கவே வேணாமா? அம்மா எழும்புற நேரத்தை நினைச்சா அப்படிச் சொல்ல மனசு வரல. 1984 வரைக்கும் தோட்டத்துல பெண்களுக்கு ஆண்களை விடக் குறைஞ்ச சம்பளம். அந்த வருஷம் சம்பளம் சமமாச்சு, அடுப்பு வேலை சமமாகல. விடியக்காலம் நாலு மணிக்கு எழும்பி, காலைக்கும் பகலுக்கும் ஆக்கி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு மலைக்கு ஏறணும். இராத்திரி ஊற வச்ச கடலையை டைமர் போட்டு வச்சா, அஞ்சு மணிக்கு எழும்பினா போதும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நான் ஆறு லீட்டர் பக்கம் நிக்கிறேன்.

வாங்குறவங்க ஒன்னைக் கவனிங்க. கூட வர்ற சின்னப் புத்தகத்துல போட்டிருக்கிற நேரம் கடலோரத்துக்கானது. குக்கர் உள்ள கூட்டுற அழுத்தம் இங்கயும் அதேதான், ஆனா வெளிய இருக்கிற காற்றழுத்தம் குறைவு, அதனால உள்ள சூடும் ரெண்டு மூணு பாகை குறையும். 2000 அடிக்கு மேல ஒவ்வொரு 1000 அடிக்கும் நூத்துக்கு அஞ்சு பங்கு நேரம் கூட்டணும்னு ஒரு கணக்கு இருக்கு. வட்டகொடைக்கு அது பத்துக்குக் கொஞ்சம் மேல. 30 நிமிஷம்னா 34 வைங்க. உள் பாத்திரம் எவர்சில்வரா பாருங்க, பூச்சு போட்டது நம்ம கரண்டிக்கும் தேங்காச் சிரட்டைக்கும் ரெண்டு வருஷம் தாங்காது. மூடியில இருக்கிற ரப்பர் ரிங் தளர்ந்தா ஆவி நிக்காது, அது தனியா ஹட்டன்லயோ தலவாக்கலையிலயோ கிடைக்குமான்னு கேட்டுட்டுக் காசைக் கொடுங்க.

எங்க வீட்டுல பிளக் போட்டாச்சு. குக்கர் இன்னும் வரல. அண்ணன் ஆறுக்கு இறங்கி வந்துட்டான், அம்மா மட்டும் "அதுல ரொட்டி சுட ஏலுமா?" என்று கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஏலாது.