கோதுமை வயலில் ஒரு மொழி

1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் கூறும்போதெல்லாம், இத்தகைய துயர் நம் தீவுக்கு மட்டுமே உரியதோ என்று மாணவர் வினவுவதுண்டு. அவர்களுக்கு நான் கனடாவின் புல்வெளிப் பிரதேசத்திலுள்ள கிரவெல்பேர்க் என்னும் சிற்றூரின் கதையைச் சொல்வேன்.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில், கோதுமை வயல்களின் நடுவே அமைந்த ஊர் அது. 1906ஆம் ஆண்டளவில் லூயி பியேர் கிரவெல் என்னும் பாதிரியார், பிரெஞ்சு பேசும் உழவர்களைக் கியூபெக்கிலிருந்தும் ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும் வரவழைத்து அங்கே குடியேற்றினார். 1918இல் அவ்வூரில் ஒரு கல்லூரியும் எழுந்தது. ஆனால் அதே ஆண்டில் மாகாண அரசு பிரெஞ்சு வழிப் போதனையை முதலாம் வகுப்போடு நிறுத்தியது. மேல்வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பிரெஞ்சுப் பாடமே எஞ்சியது. 1931இல் முதலாம் வகுப்பும் பறிபோயிற்று. வீட்டில் பிரெஞ்சன்றி வேறறியாத உழவர் பிள்ளை, ஆங்கிலத்திலேயே அரிச்சுவடி தொடங்க நேர்ந்தது.

மக்கள் ஓய்ந்திருக்கவில்லை. 1912இல் தோன்றிய அவர்களது சங்கம், பிரெஞ்சுப் பாடத்திட்டத்தை வகுத்துத் தானே பரீட்சைகளையும் நடத்தியது. 1952இல் கிரவெல்பேர்க்கில் பிரெஞ்சு வானொலி ஒலித்தது. மாகாணச் சட்டங்கள் பிரெஞ்சிலும் இருத்தல் வேண்டும் என்ற பழைய விதி இன்னும் உயிரோடிருப்பதாக 1988இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் சட்டசபை விரும்பினால் அதை நீக்கலாம் என்றது. சட்டசபை அவ்வாண்டே நீக்கிவிட்டது! தம் பள்ளிகளைத் தாமே நிர்வகிக்கும் உரிமை, பெற்றோருக்கு 1990களிலேதான் கிட்டியது.

கதையை இங்கே முடித்தால் அது பாதி உண்மையே ஆகும். அக்கோதுமை நிலம் ஆளில்லா நிலமாக இருந்ததில்லை. கிறீ முதலிய ஆதிக்குடிகளும், அவர்களோடு ஐரோப்பியர் கலந்து தோன்றிய மெற்றிஸ் மக்களும் வாழ்ந்த பிரதேசம் அது. நில உரிமை கேட்டு எழுந்த மெற்றிஸ் மக்களின் தலைவர் லூயி ரியெல் 1885இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வெழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னரே கிரவெல்பேர்க்கின் உழவர்கள் வந்தனர்.

இந்த மறுபாதி எருக்கலம்பிட்டி மக்களுக்கு எளிதில் விளங்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எம்மூர் முஸ்லிம்கள், 1990 ஒக்டோபரில், தமிழரின் உரிமைக்காகப் போராடுவதாகக் கூறிய விடுதலைப் புலிகளாலேயே மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கடல்வழியே கற்பிட்டியை அடைந்து புத்தளத்து அகதி முகாம்களில் ஒதுங்கினர். அங்கும் அவர்களின் பிள்ளைகள் தமிழிலேயே கற்றனர்.

மொழிக்கு நீதி கேட்போர், அயலானின் மண்ணுக்கும் அதே நீதியை வழங்கக் கடமைப்பட்டவர்கள். கிரவெல்பேர்க்கின் வகுப்பறையைப் பற்றிப் பேசுவோர் அதன் வயலைப் பற்றியும் பேசவேண்டும். 1956ஐக் கற்பிக்கும் ஆசிரியர் 1990ஐயும் கற்பிக்கவேண்டும்.