அன்னநடையும் அன்னத்தின் சிறகும்

கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது பழைய வழக்கம். அரக்கோணத்தில் இருப்பது ராஜாளி, உச்சிப்புளியில் இருப்பது பருந்து. இரண்டாம் உலகப் போரின்போது கோவையை அடுத்த சூலூரில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய தளத்தின் பெயர் வைரி. வைரி என்றால் வல்லூறு. பகைவன் என்றும் பொருள் உண்டு. நிகண்டு படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இந்தியக் கடற்படையின் ஜெட் பயிற்சியும் 1950களின் இறுதியில் அதே சூலூரில்தான் தொடங்கியது. விக்ராந்த் கப்பல் வரவிருந்தது. அதன் குறுகிய மேல்தளத்திலிருந்து ஏறவும் இறங்கவும் பழகிய விமானிகள் வேண்டியிருந்தார்கள். 1961 செப்டம்பர் 5 அன்று ஐ.என்.எஸ். ஹன்ஸா என்ற பெயரில் தளம் முறைப்படி தொடங்கப்பட்டது. வாம்பயர், சீ ஹாக் ஜெட்டுகளில் பயிற்சி தரும் 551ஆம் படைப்பிரிவும் அன்றே பிறந்தது. அந்த டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது. நெட்டப்பாக்கத்துக்காரர்களான நாங்கள் 1954இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து வந்தது ஒப்பந்த வழியில். கோவாவுக்குப் படை போக வேண்டியிருந்தது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன தபோலிம் ஓடுதளம் கடற்படையின் கைக்கு வந்ததும், 1964இல் ஹன்ஸா அங்கே இடம்பெயர்ந்தது.

ஹன்ஸா என்றால் அன்னம். நம் புலவர்கள் அன்னத்தின் நடையை மட்டும் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். சிறகு யாருக்கு என்பதைக் கடற்படை முடிவுசெய்தது.

1992இல் பெண்கள் அதிகாரிகளாக நுழைந்தது கல்வி, சட்டம், தளவாடம் போன்ற பிரிவுகளில்தான். விமானி இருக்கை அந்தப் பட்டியலில் இல்லை. நிரந்தரப் பணி கேட்டுப் பெண் அதிகாரிகள் நீதிமன்றம் போனபோது, ரஷ்யக் கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது அரசின் வாதங்களில் ஒன்று. எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர்கள் சொன்ன காரணமும் இதேதான். என்ன, அவர்களிடம் கப்பல் வாங்கப் பணம் இருக்கவில்லை. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதங்களைத் தள்ளியது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 டிசம்பரில், கொச்சியில் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானி ஆகியிருந்தார். அவர் ஓட்டியது டார்னியர். 2024 ஜூனில் அரக்கோணம் ராஜாளியில் அனாமிகா ராஜீவ் ஹெலிகாப்டர் விமானியானார். ஜெட் மட்டும் மிச்சமிருந்தது. விமானப்படை 2016லேயே போர் விமானத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டிருந்தும், கடற்படைக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2025 ஜூலை 3 அன்று விசாகப்பட்டினத்தின் டேகா தளத்தில் ஹாக் ஜெட் பயிற்சியை முடித்த ஆஸ்தா பூனியா, போர் விமானப் பிரிவுக்கு எடுக்கப்பட்ட முதல் பெண். டேகாவும் தெலுங்கில் ஒரு வேட்டைப் பறவைதான். சூலூரில் ஹன்ஸா தொடங்கி ஏறக்குறைய 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குண்டு சுமக்கும் விமானத்தில் பெண் ஏறினால் கைதட்ட வேண்டுமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. போருக்கு நான் கைதட்டுவதில்லை. ஆனால் போர் வேண்டாம் என்பதற்காக அந்தக் கதவு மூடியிருக்கவில்லை.

அப்போது பூனியாவுக்கு இன்னும் பயிற்சி பாக்கி இருந்தது. கடற்படையின் மிக்-29கே போர் விமானங்கள் நிற்கும் தளம் கோவாவில் உள்ள ஹன்ஸா.