தங்கச் சுரங்கம் தந்த தடுப்பூசி

தங்கத்தைத் தோண்டியவன் கழுத்திலே தங்கம் தவழ்ந்ததில்லை. அவன் நெஞ்சிலே தூசிதான் தங்கிற்று. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலே, நெருக்கமான கொட்டடிகளில் அடைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர் நிமோனியாவுக்கு இரையாயினர். ஆள் குறைந்தால் ஆதாயம் குறையுமே! முதலாளிகள் அழைத்தனர், 1911ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் ஆல்ம்ராத் ரைட் அங்கே தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கினார். முடிவு தெளிவாகவில்லை. 1970களிலே அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஆஸ்திரியன் அதே தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு வென்றது. 1977இல் 14 வகைக் கிருமிகளுக்கும், 1983இல் 23 வகைகளுக்கும் ஊசி அமெரிக்காவில் உரிமம் பெற்றது. உழைப்பாளியின் உடலை உரைகல்லாக்கிப் பிறந்த அறிவு இது!

சிவகாசியிலே இதனை ஏன் பேசுகிறோம்? இங்கே மருந்து என்றாலே பட்டாசு மருந்துதான் நினைவுக்கு வரும். கந்தகமும் கரித்தூளும் அலுமினியப் பொடியும் புழங்கும் இடத்திலே, ஆஸ்துமா என்னும் ஈளை நோய் கொண்டோர் மூச்சுக்குப் போராடுகின்றனர். 'நிமோனியா ஊசி ஈளையைத் தீர்க்குமா?' என்று அவர்கள் கேட்கின்றனர்.

தீர்க்காது. இரைப்பு வருவதை அது குறைக்கும் என்பதற்கும் வலுவான சான்றில்லை. அப்படியானால் பயன் என்ன? அமெரிக்காவின் டென்னசி மாநில ஆய்வொன்று 2005இல் விடை தந்தது: நிமோனியாக் கிருமி குருதிவரை ஊடுருவித் தாக்கும் ஆபத்து, ஆஸ்துமா உள்ளவர்க்கு மற்றவரைவிட இருமடங்குக்கும் மேல்! அந்த ஆபத்துக்கே ஊசி அரண். 2008இல் அந்நாட்டு நிபுணர் குழு, ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் இதனைப் போட்டுக்கொள்ளப் பரிந்துரைத்தது.

எல்லாம் தீரும் என்பது மந்திரவாதியின் மொழி. எது தீரும், எது தீராது என்று பிரித்துக் காட்டுவது அறிவியலின் மொழி. ஆகவே, ஊசி போட்டவரும் மருத்துவர் தந்த இழுப்பு மருந்தை நிறுத்தலாகாது. ஊசியைக் காட்டித் தூசியை மறைக்க முதலாளியை விடலுமாகாது.

இந்தியாவிலே 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடெங்கும் குழந்தைகட்கு இந்நோய்க்கான தடுப்பூசி இலவசமாக விரிந்தது. நன்று! பிள்ளையின் நெஞ்சுக்குக் காவல் கிடைத்தது. பட்டாசுக்கு மருந்து திணிக்கும் ஈளைக்காரத் தாயின் நெஞ்சுக்கு?

இளைஞர்காள்! தொழிலாளர் உடலிலே சோதித்தறிந்த பயன் தொழிலாளரைச் சேர வேண்டாமா? மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். சங்கங்களைக் கேட்கச் செய்யுங்கள். கேளாத உரிமை கிட்டியதாக வரலாறில்லை!