ஆகாய விமானமும் மின் அளவுகருவிகளும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பிரிட்டிஷ் விமானப் படையினர் கான்பூரை அடுத்த சகேரி விமானத் தளத்தில் 'லிபரேட்டர்' என்னும் நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றை விட்டுச் சென்றனர். அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் வந்த அவ்விமானங்கள் மீண்டும் பறந்துவிடலாகாது என்று திட்டமிட்டே சிதைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அங்கேயே ஓரளவு செப்பனிட்டு, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறக்கச் செய்து, முழுதும் புதுப்பித்துக் கொடுத்தனர். 1948 நவம்பரில் தோன்றிய இந்திய விமானப் படையின் 5-ஆம் அணி அவ்விமானங்களைக் கொண்டே அமைந்தது. 1968 வரை அவ்வினத்து விமானங்கள் நம் நாட்டுப் பணியில் இருந்தன.

உடைந்த கண்ணாடியும் வளைந்த தகடும் கண்ணுக்குப் புலனாகும். ஆனால் இறக்கையின் உள்ளே குழாய்களோடு குழாயாய் ஓடும் மின் கம்பி அறுந்துள்ளதா, அதன் மேலுறை நைந்துள்ளதா என்பதைக் கண் காண இயலாது. தொட்டுப் பார்த்தும் அறிய இயலாது. அத்தகைய விமானத்தின் முன் நிற்கும் மெக்கானிக்குக்கு வழி ஒன்றுதான். கம்பியின் இரு முனைகளிலும் ஒரு கருவியைப் பொருத்தி, அதன் முள் நகர்கிறதா என்று நோக்க வேண்டும். அந்த முள் எவ்வாறு நகர்கிறது, அது சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவையே இப்பேச்சின் பொருள்.

1820-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஷ்வைகர், கம்பியைப் பல சுற்றுக்களாகச் சுற்றினால் ஊசியின் திருப்பம் மிகும் என்று காட்டினார். அளவுகருவிகளின் குலமுதல் அதுவே. ஆயினும் அக்கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. ஊசியை ஒருபுறம் மின்சாரம் இழுக்கும்; மறுபுறம் பூமியின் காந்தம் இழுக்கும். மேசையைச் சற்றுத் திருப்பினாலும், அருகே ஓர் இரும்புத் துண்டை வைத்தாலும் அளவு மாறிவிடும். வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், கடலடித் தந்திக்கென 1858-இல் அமைத்த கண்ணாடிக் கால்வனாமீட்டர் நுண்மையில் இணையற்றது. ஆனால் அதனை அசையாத பீடத்தில் நிறுத்தி, இருட்டறையில் ஒளிப்புள்ளியை நோக்கியிருக்க வேண்டும். அதிரும் விமானத்தில் அதற்கு இடம் ஏது?

மாற்றம் 1882-இல் வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி தார்சோன்வால், டெப்ரே என்பவருடன் சேர்ந்து, அமைப்பைத் தலைகீழாக்கினார். காந்தத்தை நிலையாக நிறுத்தி, மின்சாரம் ஓடும் சுருளை அசைய விட்டார். வலிய குதிரைலாடக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே சுருள் இருப்பதால், பூமியின் காந்தம் அதனிடத்தில் ஒரு பொருட்டே அன்று. 1888-இல் அமெரிக்காவில் எட்வர்டு வெஸ்டன் இதனைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியாக்கினார். சுருளின் இருபுறமும் மெல்லிய சுருள்வில் வைத்தார். அதே வில்லே மின்சாரத்தை உள்ளே செலுத்தும் வழியுமாயிற்று. மின்னோட்டம் சுருளைத் திருப்புகிறது. வில் எதிர்த்துத் தடுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. காந்தம் நாளடைவில் வலுவிழக்காதிருக்க அதனை முன்கூட்டியே பக்குவப்படுத்தும் முறையையும், வெப்பத்தால் தடை பெரிதும் மாறாத மாங்கனின், கான்ஸ்டன்டன் ஆகிய உலோகக் கலவைகளையும் தந்தவர் வெஸ்டனே. முள்ளைத் திருப்பி நிறுத்துவது எடைக்கல் அன்று, வில். ஆதலின் கருவி சாய்ந்தாலும் கவிழ்ந்தாலும் அளவு பிழைபடாது. விமானத்திற்கென்றே செய்தாற்போல் அமைந்த இக்கருவி, ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 15 ஆண்டுகள் முன்னரே ஆயத்தமாயிருந்தது வியப்பே. தொல்லை ஒன்று உண்டு. அதன் வலிய காந்தம் பக்கத்தில் உள்ள திசைகாட்டியைக் கெடுக்கும். ஆதலால் விமானத்தில் வைக்கும் மீட்டருக்கு இரும்பினால் கவசமிட நேர்ந்தது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். முள் சும்மா நகர்வதில்லை. அதனை நகர்த்த ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலை அளக்கப்படும் மின்சுற்றே தர வேண்டும். முள்ளுக்கும் கூலி உண்டு என்று சொல்லலாம். அக்கூலி மிகுந்தால், அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். விமானத்தின் 28 வோல்ட்டு மின்சாரம், ஒவ்வொன்றும் 1 இலட்சம் ஓம் தடையுள்ள இரு பொருள்களின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதாகக் கொள்வோம். அவ்விரண்டின் நடுவில் 14 வோல்ட்டு இருத்தல் வேண்டும். வோல்ட்டுக்கு 1,000 ஓம் என்று அமைந்த பழைய மீட்டரை 30 வோல்ட்டு வீச்சில் வைத்து அங்கே தொட்டால், அது 5 வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் காட்டும். மீட்டரிலும் பழுதில்லை, கம்பியிலும் பழுதில்லை. ஆனால் அறியாதவன் ஒரு நல்ல கருவியைக் கழற்றி எறிந்துவிடுவான்.

ஆகவே, அடுத்து வந்த பல ஆண்டுகள் இக்கூலியைக் குறைக்கும் முயற்சியிலேயே கழிந்தன. 1923-இல் இங்கிலாந்தில், அஞ்சல் துறைப் பொறியாளரான மெக்காடி என்பவர் ஆம்பியர், வோல்ட்டு, ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் 'ஆவோ' மீட்டரைத் தந்தார். விமானக் கொட்டகைகள் பலவற்றில் அப்பெயர் மீட்டருக்கே பொதுப்பெயராயிற்று. அதன் 8-ஆம் மாதிரி, 1951-இல் வந்தது, வோல்ட்டுக்கு 20,000 ஓம் உடையது. முன் சொன்ன இடத்தில் அது 13 வோல்ட்டுக்குச் சற்றே குறைவாகக் காட்டும். இக்காலத்தில் இலக்கங்களால் காட்டும் மீட்டர்கள் ஒரு கோடி ஓம் தடையோடு வருகின்றன. அவை காட்டுவது 13.9 வோல்ட்டு. கூலி அநேகமாக ஒழிந்தது.

ஒழிந்தது நன்மையே என்று எண்ணத் தோன்றும். விமானக் கொட்டகையில் அது முற்றிலும் மெய்யன்று. மழையும் கடற்காற்றும் பட்டு ஓர் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறி, அங்கே 20 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இக்கால மீட்டரை முனையில் வைத்தால் 28 வோல்ட்டு என்று பளிச்சென்று காட்டும். ஏனெனில் அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை. ஆனால் அதே கம்பியில் 28 ஓம் தடையுள்ள வால்வுச் சுருள் ஒன்றை இயக்க முயன்றால், அதற்குக் கிடைப்பது 16 வோல்ட்டுதான். வால்வு திறவாது. பழைய கைகள் பலர் இன்னும் ஒரு சிறு சோதனை விளக்கைப் பையில் வைத்திருப்பதன் காரணம் இதுவே. விளக்குக்கு அளவுக்கோடுகள் இல்லை. ஆனால் அது கம்பியிடம் வேலை வாங்குகிறது. மங்கி எரிந்தால் பழுது வெளிப்பட்டுவிடும். எதனையும் இழுக்காத கருவி வேண்டும் இடமும் உண்டு, நன்றாக இழுக்கும் கருவி வேண்டும் இடமும் உண்டு. விமானப் பராமரிப்பில் வழங்கும் சோதனைக் கருவிகள் பலவாய்ப் பிரிந்தது இதனால்தான் என்பது என் கருத்து.

மேலுறையைச் சோதிப்பதைப் பாருங்கள். நைந்த உறை 28 வோல்ட்டுக்கு அடங்கி இருக்கும். அதன் வலிமையை அறிய மிகுந்த அழுத்தம் கொடுத்தே பார்க்க வேண்டும். 1889-இல் இங்கிலாந்தின் எவர்ஷெட் இதற்கெனக் கையடக்கமான கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வழியில் வளர்ந்த கருவியே 1903 முதல் 'மெக்கர்' என்னும் பெயர் பெற்றது. பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் சிறு டைனமோ 250 அல்லது 500 வோல்ட்டு தரும். கையால் சுற்றும் வேகம் ஒரே சீராக இராதே, அளவு மாறாதா என்று கேட்கலாம். அங்கேதான் நுட்பம். அதில் சுருள்வில்லே கிடையாது. ஒரே அச்சில் இரு சுருள்கள்; ஒன்று அழுத்தத்திற்கேற்பவும் மற்றொன்று மின்னோட்டத்திற்கேற்பவும் எதிரெதிராகத் திருப்பும். வேகம் கூடினால் இரண்டும் சேர்ந்தே கூடும். ஆதலின் முள் இரண்டின் விகிதத்தை மட்டுமே காட்டும். இதே விகிதத் தத்துவம் பின்னர் விமானத்தில் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானியிலும் புகுந்தது. பாட்டரியின் அழுத்தம் ஏறி இறங்கினாலும் விமானிக்கு வெப்ப அளவு மாறாமல் தெரிய இதுவே காரணம். மெக்கரைக் கையாள்வோர்க்கு எச்சரிக்கை ஒன்று உண்டு. ரேடியோ முதலிய நுண்கருவிகளைக் கழற்றாமல் அதனைச் சுற்றினால், கம்பியைச் சோதிக்கப் போய்க் கருவியைக் கொன்றதாக முடியும்.

இதற்கு நேர் எதிரான அளவு ஒன்று உண்டு. விமானத்தின் உடலும் இறக்கையும் வாலும் மின்சாரத்திற்கு ஒரே உலோகத் துண்டுபோல் இருத்தல் வேண்டும். கீல்களில் கிரீசும் துருவும் குறுக்கிடுவதால், அசையும் பகுதிகளைப் பின்னிய செம்புப் பட்டைகளால் உடலோடு பிணைப்பர். இதனைப் 'பாண்டிங்' என்பர். இப்பிணைப்புப் பழுதுபட்டால் ரேடியோவில் இரைச்சல் எழும்; மின்னல் தாக்கினால் அந்தக் கீலே கருகும். 1963 டிசம்பர் 8-ஆம் நாள், அமெரிக்காவில் எல்க்டன் என்னும் ஊருக்கருகே மின்னலால் எரிபொருள் ஆவி தீப்பற்றிப் போயிங் 707 விமானம் ஒன்று வீழ்ந்து 81 பேர் மாண்டபின், மின்னலிடமிருந்து விமானத்தைக் காக்கும் வழிகளில் உலகின் கவனம் பெருகிற்று. இப்பிணைப்பின் தடை ஓம் ஒன்றில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேற்படலாகாது. சோதிக்கும் கம்பிகளின் தடையே அதைவிட மிகுதி! பின் எவ்வாறு அளப்பது? 1860-களின் தொடக்கத்தில் தாம்சன் கண்ட வழி இன்றும் உதவுகிறது. மின்னோட்டத்தைச் செலுத்த ஓர் இணைக் கம்பி, அழுத்தத்தை அறிய வேறோர் இணைக் கம்பி. இரண்டாம் இணையில் ஓட்டம் அநேகமாக இல்லையாதலின், அதன் தடை கணக்கில் சேராது. கூலி பெறும் கம்பி வேறு, சாட்சி சொல்லும் கம்பி வேறு என்று பிரித்துவிட்டார்.

என்ஜினின் வெப்பத்தைக் காட்டும் மானியில் மற்றொரு விந்தை. இரு வேறு உலோகங்களின் சந்திப்பைச் சூடாக்கினால் மின்சாரம் எழும் என்பதை 1821-இல் ஸீபெக் கண்டார். அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டே முள் நகர வேண்டியிருப்பதால், என்ஜினிலிருந்து மானிவரை செல்லும் கம்பியின் தடை 8 ஓம் போன்ற ஒரு குறித்த அளவில் இருக்குமாறு செய்யப்பட்டது. கம்பி நீளமாயிருக்கிறதே என்று எண்ணி ஒரு முழத்தை வெட்டிவிட்டால், மானி வெப்பத்தை மிகுத்துக் காட்டும். மிஞ்சிய கம்பியைச் சுருட்டிக் கட்டி வைப்பதே முறை.

அளவுகருவியே ஐயத்திற்கு இலக்கான நிகழ்ச்சி ஒன்றையும் கூற வேண்டும். எரிபொருள் தொட்டியின் அளவை அறிய, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்களைத் தொட்டியினுள் நிறுத்துவர். மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு மின்தேக்கும் இயல்பை அக்குழாய்களுக்குத் தருமாதலால், எண்ணெய் ஏற ஏற மானியின் அளவும் ஏறும். இதற்குச் செல்லும் மின்சாரம் மிகச் சிறியது. அதனால் தீப்பொறி எழாது. 1996 ஜூலை 17-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 என்னும் போயிங் 747 விமானத்தின் நடுத்தொட்டி வெடித்து, அதிலிருந்த 230 பேரும் உயிரிழந்தனர். நான்கு ஆண்டு ஆய்வின்பின், தீயின் மூலத்தை உறுதியாகக் கூற இயலவில்லை என்றும், தொட்டிக்கு வெளியே வேறொரு கம்பியின் மின்சாரம் உறை நைந்த இடத்தில் இந்த அளவுக் கம்பிகளில் தாவி உள்ளே சென்றதே பெரிதும் நிகழக்கூடியது என்றும் அமெரிக்க ஆய்வுக் குழுவினர் முடிவு செய்தனர். கம்பி பழையது, அதன் உறையைப் பார்த்தவர் எவரும் இல்லை. 2001-இல் அந்நாட்டார் பிறப்பித்த தனி விதி, விமானத் தொட்டிகள் அனைத்தையும் இந்நோக்கில் மறு ஆய்வு செய்யப் பணித்தது. தொட்டிக்குள் செல்லும் மின் ஆற்றல், பழுது நேர்ந்தாலும், ஜூல் ஒன்றில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கைத் தாண்டலாகாது என்பது இன்று கைக்கொள்ளும் வரம்பு. தொட்டியின் கம்பிகளைச் சோதிக்கும் மீட்டரும் அவ்வரம்புக்கு உட்பட்டதாகவே இருத்தல் வேண்டும். நல்ல மீட்டர் என்பதற்காகக் கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சென்றுவிட இயலாது.

இத்தனை மீட்டர்களும் சொல்லும் வோல்ட்டு ஒரே வோல்ட்டுதானா என்று உறுதி செய்வது எவ்வாறு? வெஸ்டன் 1893-இல் செய்த காட்மியம் மின்கலம் நெடுங்காலம் உலகின் அளவுகோலாய் விளங்கிற்று. அதன் அழுத்தம் 1.018 வோல்ட்டு. ஆனால் அதிலிருந்து மின்சாரத்தை இழுத்தால் அது கெடும். ஆதலின் எதிரழுத்தம் கொடுத்து, ஓட்டமே இல்லாத நிலையில் ஒப்பிட்டனர். 1990 முதல் அதன் இடத்தை, ஜோசப்சன் 1962-இல் கூறிய விளைவைக் கொண்டு அமைத்த கருவிகள் பெற்றன. நம் நாட்டில் இவ்வளவைப் பாதுகாப்பது புது டில்லியில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். அங்கிருந்து படிப்படியாக ஒப்பிட்டு வந்த அளவே கொட்டகையின் மீட்டருக்கும் வந்து சேர்கிறது. ஒவ்வொரு மீட்டரின் மேலும் அது கடைசியாக ஒப்பிடப்பட்ட நாளும், மீண்டும் ஒப்பிட வேண்டிய நாளும் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். நாள் கடந்த மீட்டரால் எடுத்த அளவை, அது எவ்வளவு சரியாக இருப்பினும், விமானத்தின் பதிவேட்டில் எழுதுவதில்லை.