முந்திரிக் கணக்கும் புதுச்சேரிப் பணமும்

இரண்டே முக்காலை அரைக்காலால் வகுக்கச் சொன்னால், இன்றைய பள்ளிப்பிள்ளை கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக்கி, வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கி, 22 என்று விடை சொல்லும். எதற்குத் தலைகீழாக்கினாய் என்று கேட்டால் பெரும்பாலும் முழிக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவனுக்கு அந்த வித்தையே வேண்டியிருக்காது என்பது என் கட்சி. அவனுடைய பின்னங்கள் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று நிற்பவையல்ல. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குறி. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. காணிக்கு 4 முந்திரி, மாவுக்கு 16, மாகாணிக்கு 20, அரைக்காலுக்கு 40. ஆகவே இரண்டே முக்கால் 880 முந்திரி. அதில் 40 எத்தனை முறை அடங்கும் என்பதே கேள்வி. வாய்ப்பாடு நாக்கில் இருந்தால் அவ்வளவு தூரம் இறங்கவும் வேண்டாம்: ஒன்றுக்கு எட்டு அரைக்கால், இரண்டுக்குப் பதினாறு, முக்காலுக்கு ஆறு.

புதுச்சேரியில் இந்தக் கணக்கு சட்டைப்பையிலேயே கிடந்தது. பிரெஞ்சு ஆட்சியில் ரூபாய்க்கு 8 பணம். துரைமார் அதை ஃபனோன் என்றார்கள். பணம் என்றால் ரூபாயில் அரைக்கால். இரண்டே முக்கால் ரூபாயை மாற்றினால் 22 பணம். மேலே சொன்ன வகுத்தல் கடை வாசலில் சில்லறையாக நடந்தது. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் பகுதியில் ரூபாய்க்கு 16 அணா, அதாவது அணா ஒரு மாகாணி. ஆட்சி இரண்டானாலும் ஏணி ஒன்றுதான்.

இதெல்லாம் வெறும் மனப்பாடம்தானே என்பார்கள். மனப்பாடம்தான். ஆனால் திண்ணைப் பள்ளிகளை ஆராய்ந்த, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு, அங்கே நினைவாற்றலே கற்கும் முறையாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். எனக்குக் கனமாகப் படுவது வேறோர் ஆட்சேபம்: 320 மூன்றால் வகுபடாது. ஒன்றை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கால், மாகாணி, காணி, அரைக்காணி சேர்ந்து 106 முந்திரி; மூவருக்கும் கொடுத்தபின் 2 முந்திரி மிஞ்சும். முந்திரியை மேலும் பங்காக்கிக் கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் மிச்சம் தீராது. குறைதான், மறுக்கவில்லை. ஆனால் புரட்சிக்கால பிரான்ஸ் 1795-ல் கொண்டுவந்த மெட்ரிக் முறைக்கும் இதே நோய்: மூன்றில் ஒன்று அங்கே 0.333 என்று முடிவில்லாமல் இழுபடும். நம்மவர்கள் அந்த மூன்றை எண்ணில் தேடாமல் அளவையில் வைத்துக்கொண்டார்கள். கலத்துக்கு 12 மரக்கால், தூணிக்கு 4. ஒரு கலம் நெல்லை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு தூணி, ஒரு மணி மிஞ்சாது.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் இந்திய ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனது. ரூபாயில் அரைக்கால் இப்போது பன்னிரண்டரைப் பைசா. அரைப் பைசாவுக்கு நாணயம் இல்லாததால், மாற்றுப் பட்டியலில் இரண்டணாவுக்கு 12 பைசா என்று போட்டார்கள்.