நீதிபதியின் அருகில் ஓர் இருக்கை

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பட்டம் பெற்றபின் செயல்முறைப் பயிற்சியும் தேர்வும் முடித்தவரே பதிவுபெறலாம் என வகுத்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. இந்திய பார் கவுன்சில் 1995இல் விதிகள் வகுத்து அப்பயிற்சியை மீட்க முயன்றது. 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகள் செல்லாதென்றது. அத்தீர்ப்பு சரியன்று என அரசியலமைப்பு அமர்வு கூறியது 2023இல்தான்.

இதற்கிடையே 2008ஆம் ஆண்டின் சட்டக்கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் உள்ளகப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. எனினும் ஒருமுறையேனும் பயின்றாக வேண்டியது வழக்கறிஞரிடமே. நீதித்துறை பல தெரிவுகளுள் ஒன்று. ஆகவே, தீர்ப்பு உருவாவதை அருகிருந்து காணும் வாய்ப்பு பெரும்பாலும் அறிமுகம் உள்ளவர்க்கே எளிதாகிறது. மாவட்ட நீதிமன்றங்களில் வெளிப்படையாக இடங்கள் ஒதுக்கப்பட்டால், முதல் தலைமுறை மாணவரும் அவ்விருக்கையில் அமர்வர்.